முகம் காணாதவர்க்கு ஈவதும் தருமமே

தருமம் என்றதும் பெரும்பாலோரின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது அன்னதானப் பந்தியே. இலை விரிக்கப்படுகின்றது, சோறும் கறியும் பரிமாறப்படுகின்றன, பசித்து வந்தவர் வயிறு நிறைந்து எழுந்து செல்கின்றார். கொடுத்தவர், பெற்றவரின் முகத்தைக் காண்கின்றார். அம்முகத்தில் தோன்றும் நிறைவே கொடுத்தவருக்கு உடனே கிடைக்கும் பயனாகவும் அமைந்துவிடுகின்றது. தண்ணீர்ப்பந்தல் வைப்பவரும், வறிய மாணவனுக்குக் கொப்பியும் சீருடையும் வாங்கிக் கொடுப்பவரும் இவ்வாறே தம் கொடையின் பயனைக் கண்ணாரக் காண்கின்றனர்.

வேறொரு வகைக் கொடையும் உலகில் உண்டு. அதனைக் கொடுப்பவருக்கு, பெறப்போகின்றவர் யார் என்பது தெரியாது. பெறுபவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். கொடுத்த பணம் பயன் தருமா, வீணாகிப் போகுமா என்பதும் தெரியாது. நோய்களின் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கும், வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதற்கும் வழங்கப்படும் கொடை இத்தகையது. கண்முன்னே பசித்தவன் நிற்கக் கண்காணாத ஒருவனுக்காகப் பணத்தை ஒதுக்குவது தருமமாகுமா? அக்கொடையிலிருந்து பின்னொரு காலத்தில் பெருஞ்செல்வம் விளையுமாயின் அச்செல்வம் யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களையும் வாத நோய் ஆராய்ச்சியின் வரலாற்றை முன்வைத்துச் சிந்திப்பது பயனுடையதாகும்.

உயிரை விட்டுவைத்து வாழ்வைப் பறிக்கும் நோய்

மூட்டுகளில் வரும் நோவையெல்லாம் வாதம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது வழக்கம். ஆயினும் முதுமையில் மூட்டுத் தேய்வதால் உண்டாகும் நோவு வேறு, முடக்குவாதம் வேறு. கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, தன் உடலையே பகையெனக் கருதி மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதே முடக்குவாதமாகும். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. சவ்வு வீங்குகின்றது, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன, விரல்கள் கோணி மடங்கிப் போகின்றன. இந்நோய் இளவயதினருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 70 சதவீதமானோர் பெண்கள்.

இந்நோய் பெரும்பாலும் உடனே உயிரைப் பறிப்பதில்லை. அதனாலேயே இதன் கொடுமை பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விடியற்காலையில் எழும்போது விரல்கள் மரக்கட்டை போல் விறைத்திருக்கும். தேங்காய் துருவ முடியாது. துணி பிழிய முடியாது. பிள்ளையின் தலையை வாரிப் பின்னிவிடவும் முடியாது. மதியமானதும் விறைப்புச் சிறிது தளர்ந்து அவள் நடமாடத் தொடங்குவாள். காலையில் முடியாதவளுக்கு மதியம் மட்டும் எப்படி முடிகின்றது என்று வீட்டிலுள்ளோரே ஐயுறுவர். நோவுடன் சோம்பேறி என்ற பழியையும் சேர்த்துச் சுமந்தவர்கள் எத்தனையோ பேர்.

கொள்ளை நோய் வந்தால் ஊரே அஞ்சிப் பணம் திரட்டும். மெல்ல மெல்ல முடக்கும் நோய்க்கு அவ்வாறு எவரும் பதறுவதில்லை. நெடுங்காலம் இந்நோயாளருக்கு நோவைத் தணிக்கும் மாத்திரைகளும் தங்க உப்பு ஊசியும் போன்ற சிலவே துணையாயிருந்தன. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தில் கோர்ட்டிசோன் என்னும் மருந்து முதன்முதலாக ஒரு பெண் நோயாளிக்கு வழங்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தமை கண்டு உலகம் வியந்தது. 1950ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசும் அக்கண்டுபிடிப்புக்கே கிடைத்தது. ஆனால் அம்மருந்தை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் எலும்பு நலிவு முதலிய வேறு துன்பங்கள் வரும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. நோயின் மூலத்தை அறியாமல் முழுப்பயன் தரும் மருந்தில்லை என்பது தெளிவாயிற்று. மூலத்தை அறிவதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும்.

பென்னியில் தொடங்கிய கொடை

இங்கிலாந்தில் வாத நோய் ஆராய்ச்சிக்கெனப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் சபையொன்று 1936ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல பெயர் மாற்றங்களைக் கண்ட பின்னரும் அப்பணி அந்நாட்டில் தொடர்கின்றது. அதன் பின்னர் 1965ஆம் ஆண்டில் மேற்கு இலண்டனில் கெனடி வாதநோய் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. வாத நோய் ஆராய்ச்சிக்கென்றே உலகில் அமைந்த முதலாவது நிறுவனம் என்று அது போற்றப்படுகின்றது. அதற்கான பெருங்கொடையை வழங்கியவர்கள் மத்தில்டா, ரெரன்ஸ் கெனடி தம்பதியர்.

மத்தில்டாவின் தந்தையார் மைக்கல் மார்க்ஸ். இரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த பகுதியிலிருந்து கையில் பொருளின்றி இங்கிலாந்துக்கு வந்த யூதர். ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சென்று விற்ற அவர், 1884ஆம் ஆண்டு லீட்ஸ் நகரச் சந்தையில் எப்பொருளும் ஒரு பென்னி என்ற விலையில் சிறு கடையொன்றை வைத்தார். 1894ஆம் ஆண்டில் தோமஸ் ஸ்பென்சர் என்பவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். அதுவே பின்னர் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்னும் பெரும் வணிக நிறுவனமாக வளர்ந்தது. ஏழைகள் கொடுத்த ஒற்றைப் பென்னிகளால் திரண்ட செல்வத்தில் ஒரு பகுதி, அடுத்த தலைமுறையில் நோயாளருக்கான கொடையாக மாறியது எனலாம்.

கெனடி தம்பதியர் கொடை வழங்கிய 1965ஆம் ஆண்டில் அக்கொடை என்ன பலனைத் தரும் என்று கூறக்கூடியவர் உலகில் ஒருவரும் இருக்கவில்லை. அந்நிறுவனத்தின் பெயரை உலகறியச் செய்த ஆய்வுக்கு அடிப்படையாய் அமைந்தது ரி.என்.எவ். என்னும் புரதமாகும். அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டதே 1975ஆம் ஆண்டில்தான். கொடுத்தவர்கள் இன்ன மருந்து வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கவில்லை; கேட்டிருக்கவும் முடியாது. ஆய்வுகூடம் அமைக்கவும், அறிஞர்கள் கவலையின்றிச் சிந்திக்கவும் பொருள் கொடுத்தார்கள். 1992ஆம் ஆண்டில் அப்பெரும் பலன் கைகூடும் வரை 27 ஆண்டுகள் சென்றன.

விதைநெல்லும் பசித்த வயிறும்

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழுவது இயல்பு. அந்த 27 ஆண்டுகளிலும் அப்பணத்தைக் கொண்டு எத்தனை நோயாளருக்கு உணவும் பராமரிப்பும் வழங்கியிருக்கலாம்? கண்முன் துடிப்பவளை விட்டு, என்றோ வரப்போகும் ஒருத்திக்காகக் கொடுப்பது கல்நெஞ்சம் அல்லவா? இது நல்ல மனத்திலிருந்து எழும் கேள்வி. எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இதற்கு விடையைக் கமக்காரனின் வீட்டில் காணலாம். எவ்வளவு வறுமை வந்தபோதிலும் நல்ல கமக்காரன் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதில்லை. அடுத்த போகத்தில் உண்ணப்போகும் வாய்கள் அதில் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியும். அதேவேளை, விதைநெல்லைக் காக்க வேண்டுமென்று பெற்ற பிள்ளையைப் பட்டினி கிடந்து சாகவிடுபவனும் நல்ல கமக்காரன் ஆகமாட்டான். சோற்றுக்கான நெல்லும் விதைக்கான நெல்லும் ஒரே களத்தில்தான் அளக்கப்படுகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை முற்றாகக் கைவிடுவதே பிழை.

சமுதாயத்தின் கொடைகள் யாவும் சோற்றுக்கே சென்றால் அடுத்த தலைமுறையும் அதே நோயால் அதே முறையில் முடங்கும். இன்று பரிவு காட்டும் கரங்கள் நாளையும் பரிவு மட்டுமே காட்டிக் கொண்டிருக்கும். எனவே முகம் காணாதவருக்கு ஈவதும் தருமமே. முகம் கண்டு கொடுக்கும்போது பெறுபவரின் நன்றி உடனே கிடைக்கின்றது. முகம் காணாமல் கொடுப்பவருக்கு அந்த நன்றியும் இல்லை. பயனை எதிர்பாராது செய்யும் செயல் என்று பெரியோர் சொல்வதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

நோயாளரும் கொடையாளரே

கெனடி நிறுவனத்தில் பணிபுரிந்த இரவீந்தர் மெய்னி இந்தியாவின் லுதியானா நகரில் பிறந்தவர். மார்க் பெல்ட்மன் போலந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இவ்விருவரும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இணைந்து ஆய்வு செய்தனர். மூட்டுச் சத்திரசிகிச்சையின்போது அகற்றப்பட்ட சவ்வை ஆய்வுகூடத்தில் பேணி, அதில் சுரக்கும் பொருள்களை அவர்களது குழுவினர் ஆராய்ந்தனர். நோயை மூட்டிவிடும் பொருள்கள் பலவாயினும் ரி.என்.எவ். அவற்றை முன்நின்று ஏவுகின்றது என்பதும், அதைத் தடுத்தால் மற்றவையும் அடங்குகின்றன என்பதும் 1989ஆம் ஆண்டளவில் தெரியவந்தன.

1992ஆம் ஆண்டு இலண்டன் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில், ரி.என்.எவ். புரதத்தைத் தடுக்கும் மருந்து முதன்முதலாக முடக்குவாத நோயாளருக்கு ஏற்றப்பட்டது. அந்த முதற்பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் 20 பேர். முன்னைய மருந்துகள் பயனளிக்காதவர்கள் அவர்கள். சில நாட்களிலேயே நோவும் விறைப்பும் வெகுவாகக் குறைந்தன. மருந்தின் வலு நீங்கியதும் நோய் திரும்பியது. எனவே இது நோயை வேரோடு களையும் மருந்தன்று. தொடர்ந்து வழங்கினால் அடக்கி வைக்கும் மருந்தாகும். பின்னர் 73 நோயாளர் பங்குகொண்ட, மருந்தில்லாப் போலி ஊசியுடன் ஒப்பிட்ட பரிசோதனையின் முடிவு 1994ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு மருந்தின் பயனை உறுதிப்படுத்தியது. இப்பணிக்காக மெய்னியும் பெல்ட்மனும் 2003ஆம் ஆண்டில் லஸ்கர் விருதைப் பெற்றனர்.

இவ்வரலாற்றில் பணம் கொடுத்தவர்களின் பெயர் கட்டடத்தில் உள்ளது. அறிவைக் கொடுத்தவர்களின் பெயர் விருதில் உள்ளது. தம் மூட்டுச் சவ்வை ஆராய்ச்சிக்கு அளித்தவர்களின் பெயரும், என்ன விளையுமோ என்று அறியாத மருந்துக்கு முதலில் கையை நீட்டிய அந்த 20 பேரின் பெயரும் பொதுமக்கள் அறியாதவை. அவர்களும் முகம் காணாதவருக்காகவே கொடுத்தார்கள். தம்மிடமிருந்த ஒரே பொருளான நோயுற்ற உடலைக் கொடுத்தார்கள். பெருங்கொடையாளரின் வரிசையில் இவர்களுக்கும் சமமான இடம் உண்டு என்பதை மறத்தலாகாது.

விளைந்த செல்வம் யாருக்கு?

இனி இரண்டாவது வினாவுக்கு வருதல் வேண்டும். கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெறப்பட்டது. மருந்துக் கம்பனிகள் மருந்தைத் தயாரித்து விற்றன. முடக்குவாதத்துக்கான இவ்வகை மருந்துகள் 1998, 1999ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. காலப்போக்கில் இவ்வகை மருந்தொன்று உலகிலேயே அதிக வருமானம் ஈட்டும் மருந்து என்ற நிலையையும் எட்டியது. விற்பனையில் ஒரு பங்கு, உரிமைப் பணமாகக் கெனடி தர்ம நிதியத்துக்கு வந்து சேர்ந்தது. கொடையாகத் தொடங்கியது பெருஞ்செல்வமாகத் திரும்பி வந்தது.

அந்நிதியம் அப்பணத்தை மீண்டும் வாத நோய் ஆராய்ச்சிக்கே செலவிட்டது. 2011ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிறுவனம் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மருத்துவம் பயிலும் மாணவர்கள் இடையே சில ஆண்டுகள் ஆராய்ச்சியில் ஈடுபட்டுக் கலாநிதிப் பட்டமும் பெறுவதற்கு நிதியம் உதவி வழங்கியது. இவையெல்லாம் போற்றத்தக்கவையே.

ஆயினும் ஒரு முள் உறுத்துகின்றது. இம்மருந்துகள் வெளிவந்த காலத்தில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் பவுண் செலவாயிற்று. வறிய நாடுகளின் நோயாளரில் பெரும்பாலோர் அவற்றைக் கனவிலும் நினைக்க முடியாதிருந்தது. உரிமைப் பணம் என்பது மருந்தின் விலையில் அடங்கிய ஒரு பங்குதானே? நோயாளியின் கையிலிருந்து வந்த பணத்தை நோயாளிக்கான தருமம் என்று சொல்வது தகுமா? பிந்தியதோர் ஆக்கவுரிமை குறித்து மருந்துக் கம்பனியொன்றுக்கும் இந்நிதியத்துக்கும் அமெரிக்காவில் வழக்கும் நடந்தது. முந்திய உரிமையிலிருந்து போதிய அளவு வேறுபடாத ஒன்றுக்கு மீண்டும் உரிமை கோர முடியாது என்னும் காரணத்தால், அப்பிந்திய ஆக்கவுரிமை செல்லாது என 2014ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தர்ம நிதியமும் தன் உரிமைக்கு எல்லை உண்டு என்பதை நீதிமன்றத்தில் கேட்க நேர்ந்தது.

ஆக்கவுரிமையே கூடாது என்று சொல்வதும் எளிதன்று. அது இல்லாவிடின் பெருஞ்செலவு பிடிக்கும் பரிசோதனைகளை மேற்கொள்ளக் கம்பனிகள் முன்வந்திரா. மருந்து ஆய்வுகூடத்தைத் தாண்டியிராது. ஆகவே நியாயம் இரண்டு இடங்களில் அடங்கியுள்ளது. உரிமைப் பணம் எங்கே செல்கின்றது என்பது ஒன்று. உரிமை எப்போது முடிகின்றது என்பது மற்றொன்று. ஐரோப்பாவில் 2018ஆம் ஆண்டு முக்கிய மருந்தொன்றின் உரிமை முடிவடைந்து, அதனை ஒத்த மருந்துகளைப் பிற கம்பனிகளும் விற்க முன்வந்தபோது விலை பெரிதும் வீழ்ந்தது. அம்மருந்தின் செலவில் 300 மில்லியன் பவுண் வரை மிச்சமாகும் என இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை அவ்வாண்டில் அறிவித்தது. 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அது எல்லா மக்களுக்கும் கிட்ட வேண்டிய மருந்து என்பதை உலகம் ஏற்றுக்கொண்ட நாள் அது.

இம்மருந்துகளுள் முதலில் பரிசோதிக்கப்பட்டதை உருவாக்குவதில் பங்குகொண்ட யான் வில்செக் என்பவரின் செயலும் இங்கு நினைக்கத்தக்கது. 1964ஆம் ஆண்டில் தம் மனைவி மரிட்சாவுடன் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி வெளியேறியவர் அவர். அடைக்கலம் தேடி வந்த அவருக்கு நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவபீடம் வேலை கொடுத்தது. மருந்தின் உரிமைப் பணத்தால் செல்வரான அத்தம்பதியர், 2005ஆம் ஆண்டில் 105 மில்லியன் டொலரை அதே மருத்துவபீடத்துக்கு வழங்கினர். தமக்கு ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்ட இடத்துக்கு, அறிவால் வந்த பொருளை அறிவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கொடையிலிருந்து விளைந்த செல்வத்தைக் கைக்கொள்பவர் அதற்கு உரிமையாளரல்லர், காவலரே என்ற உண்மையை இச்செயல் உணர்த்துகின்றது.

மருந்தும் அதை அறிந்த கையும்

நன்கொடைகளுள் மருந்து வாங்கக் கொடுப்பது ஒன்று. வைத்தியரையும் தாதியரையும் பயிற்றுவிக்கக் கொடுப்பது மற்றொன்று. பின்னையது பலரின் கண்ணில் படுவதில்லை. முடக்குவாதத்துக்கு முதலில் வழங்கப்படும் மருந்து மெதோட்ரெக்சேற் ஆகும். 1980களில் இதன் பயன் உறுதியாயிற்று. இது விலை குறைந்த மாத்திரை. பெரும்பாலான நோயாளருக்கு இன்றும் இதுவே அடிப்படை மருந்து. ஆனால் இதனைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுத்தல் வேண்டும். தவறுதலாக நாள்தோறும் எடுத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஈரலும் இரத்தமும் கெடாதிருக்கின்றனவா என்பதை இடையிடையே இரத்தப் பரிசோதனையால் அறிய வேண்டும். புதிய விலையுயர்ந்த மருந்துகளும் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயைத் தட்டியெழுப்பக் கூடியவை. ஆதலால் முன்கூட்டியே பரிசோதித்தல் அவசியம்.

அறியாத கையில் மலிவான மருந்தும் நஞ்சாகும். அறிந்த கையில் அதே மாத்திரை ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். அத்துடன் இந்நோய்க்குத் தொடக்க மாதங்களே முக்கியமானவை. எலும்பு அரிக்கப்பட்ட பின்னர் எந்த மருந்தாலும் பழைய விரலைத் திருப்பித் தர இயலாது. எனவே பெரிய நகரத்து நிபுணரிடம் வரும் வரை காத்திராமல், முதலில் நோயாளியைக் காணும் சாதாரண வைத்தியரும் தாதியும் நோயை இனங்காண வேண்டும். ஒரு மருத்துவ மாணவரின் படிப்புக்கு இன்று கொடுக்கப்படும் உதவி, அவர் தம் வாழ்நாளில் காணப்போகும் பல்லாயிரம் நோயாளருக்கும் கொடுக்கப்படும் உதவியாகும். அவர்களுள் ஒருவரையும் கொடையாளர் அறியமாட்டார்.

கொடையின் அளவுகோல்

எடுத்துக்கொண்ட வினாக்களுக்கு விடையைத் தொகுத்துக் கூறலாம். முகம் காணாதவருக்கு ஈவது தருமம். ஆனால் அது முகம் கண்டவரைக் கைவிடுவதற்குச் சாட்டாக அமையலாகாது. அக்கொடையால் செல்வம் விளையுமாயின் அது பணம் கொடுத்தவருக்கும் கண்டுபிடித்தவருக்கும் மட்டும் உரியதன்று. தம் உடலைக் கொடுத்த நோயாளரும் அதன் பங்காளர். அவர்களைப் போன்று நோவு சுமக்கும் கடைசி ஏழைக்கும் மருந்து சென்று சேரும்போதே அக்கொடை நிறைவுபெறும். அதுவரை அது பாதி வழியில் நிற்கும் கொடையே.

இத்தகைய கொடை பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டியதில்லை. தாதியர் பயிற்சிக்குச் செல்லும் வறிய பிள்ளையின் வழிச்செலவும், கிராமப் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு வாங்கிக் கொடுக்கும் நுணுக்குக்காட்டியும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பொருள் இல்லாதவரும் கொடுக்கக்கூடிய கொடையொன்று உண்டு. விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விரல்கள் விறைத்திருக்கின்றன, மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, சில கிழமைகளாகியும் மாறவில்லை என்று வீட்டிலுள்ள ஒருத்தி சொன்னால், அவளது சொல்லை நம்புதல். எண்ணெய் பூசினால் மாறிவிடும் என்று மாதக்கணக்கில் தாமதிக்காது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுதல். எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த கொடையின் பயன், அந்த வைத்தியசாலை வாசலில்தான் அவளுக்காகக் காத்திருக்கின்றது.